புதுப்பிப்பு: மணக்குடிக் கழிமுகத்தில் தூர்வாரியபின் நீர் கறுத்தது ஏன்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் பழையாறு கடல்சேரும் மணக்குடியில், தூர்வாரிய மறுநாளே அலையாத்தி ஓரத்து நீர் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் வீசியதைப் பற்றி முன்பு கேட்டிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது, ஓதம் வடியும் வேளையில் மட்டும் வாரச் சொன்ன யோசனையே. பொழி (ஆறு கடலில் சேரும் வாய்) திறந்திருந்ததால் கலங்கல் உள்ளே ஏறாமல் கடலுக்கு வடிந்தது. வண்டல் தடுப்புத் திரையோ இரண்டே நாளில் கிழிந்தது.

எதிர்பாராதது ஒன்று: பகலில் சரியாகத் தெரிந்த கரைந்த ஆக்சிஜன், விடியலுக்குச் சற்று முன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியிருந்தது. நீரைக் கறுக்கவும் நாறவும் வைத்த, கிளறப்பட்ட சல்பைடு (கந்தகச் சேர்மம்) சேறு ஆக்சிஜனை உறிஞ்ச, இரவில் ஒளிச்சேர்க்கையும் இல்லாததால் அந்த இழப்பு ஈடாகவில்லை; ஆகவே அளவீட்டை விடியற்காலையில் எடுப்பதே சரி.

கரையில் கொட்டிய சேறு, வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின், பென்சில் போல் நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்களை மூடியிருந்ததால், அதைக் கையாலேயே அள்ளினோம். இரண்டு மரங்கள் இன்னும் இலை உதிர்க்கின்றன.