ஒரே நாளில் மதுரை: மலை முதலிலா, கோயில் முதலிலா?

கேள்வி: சொந்தக்காரர்கள் நாலு பேர் காலை 5 மணி ரயிலில் வந்து இரவு கிளம்புகிறார்கள். ஒருவருக்கு 65 வயது. மீனாட்சியம்மன் கோயில், நாயக்கர் மஹால், கீழக்குயில்குடி சமணர் மலை மூன்றையும் பார்த்துவிட முடியுமா?

பதில் 1: தாராளமா முடியும்ங்க. மலையை முதலில் முடிச்சிருங்க. மேலே நிழல் கிடையாது, ஒன்பது மணிக்கெல்லாம் பாறை சுட ஆரம்பிச்சிரும். அய்யனார் கோயில் பக்கத்துப் படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம் என்ற இடம்: வரிசையாக எட்டுச் சமணச் சிற்பங்கள், கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டுகள். பெரியவருக்கு ஏறச் சிரமம் என்றால் அதே மலையில் உள்ள செட்டிப்புடவு குகை போதும். அங்கே குகைக்குள் குனிந்து மேலே பாருங்கள், சிங்கத்தின் மேல் அமர்ந்து யானைவீரனோடு போரிடும் இயக்கி (சமணப் பெண் தெய்வம்)! பலரும் வெளியே உள்ள பெரிய தீர்த்தங்கரர் (சமண அருகர்) சிற்பத்தோடு திரும்பிவிடுகிறார்கள், பாவம்.

பதில் 2: மலையிலிருந்து நேராகக் கோயில். மதியம் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள், அதனால் பத்து மணிக்குள் உள்ளே இருக்கணும். செல்போனுக்கு அனுமதியில்லை. செருப்பும் போனும் கொடுத்த வாசல் வழியாகவே வெளியே வாங்க. வாசல் மாறினால் உச்சி வெயிலில் சித்திரை வீதியைச் சுற்றி வெறுங்காலோடு நடக்கணும், பெரியவருக்கு அது ஆகாது.

பதில் 3: சாப்பிட்டுவிட்டு மஹால். 1636-இல் கட்டியதில் மிஞ்சியது ஒரு பகுதிதான், திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் காலத்தில் நிறையப் பெயர்த்துத் திருச்சிக்குப் போய்விட்டது. அரசவை மண்டபமான சொர்க்கவிலாச மாடத்தின் சுதை (சுண்ணாம்புச் சாந்து) வேலையை நிதானமா அண்ணாந்து பாருங்கள்.