நம்ம பக்கத்து வயர்லெஸ் இணைப்புகளில் கண்ட பழுதுகள்

(திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள் பேசிக்கொள்வது. பேசுகிறவருடைய ஊர்தான் தலைப்பில் இருக்கிறது: பாளை என்றால் பாளையங்கோட்டை, அம்பை என்றால் அம்பாசமுத்திரம், டவுன் என்றால் திருநெல்வேலி டவுன்.)

பணகுடி:
காவல்கிணறு, பணகுடி, ராதாபுரம் சுற்றுவட்டாரத்தில் மாடிக்கு மாடி 5.8 கிகாஹெர்ட்ஸ் டிஷ் வைத்துக் கொடுக்கும் இணைய இணைப்புகளுக்கு வருகிற புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "பங்குனியில நல்லா இருந்துச்சு, ஆனி பிறந்ததும் விட்டு விட்டு வருது." காற்றுதான் காரணம். ஆனால் காற்று இரண்டு விதமாகக் கெடுக்கும், இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

முதலில் சிக்னல் அளவை நொடிக்குப் பல தடவை பதிவாகவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். ஒழுங்கில்லாமல், காற்று ஓங்கும்போது மட்டும் இறங்கினால் ஆடுவது டிஷ் நிற்கும் உங்கள் குழாய். 60 செ.மீ. டிஷ்ஷின் கதிர் அகலம் 5.8-ல் சுமார் 6 பாகை. நடுக்கோட்டிலிருந்து 3 பாகை திரும்பினாலே பாதி சக்தி போயிற்று. அதற்கு மேல் திரும்பினால் சரிவு செங்குத்து. ஒன்றரை அங்குலக் குழாயை ஒற்றைக் கிளாம்பில் கைப்பிடிச் சுவரோடு கட்டி, மேலே நாலு மீட்டர் நீட்டிவிட்டால் ஆடாமல் என்ன செய்யும்? இரண்டு அங்குல ஜிஐ குழாய், முக்கால் மீட்டர் இடைவெளியில் இரண்டு கிளாம்பு, சுவருக்கு மேல் 3 மீட்டருக்குள் உயரம், மூன்று பக்கமும் இழுவைக் கம்பி. இது போதும்.

இறக்கம் கடிகாரம் போல ஒரே சீராக வந்தால் அது காற்றாலை இறக்கை. நிமிடத்துக்கு 15 சுற்று, மூன்று இறக்கை என்றால் 45 தடவை சிக்னல் விழுந்து எழும். குழாயை எவ்வளவு இறுக்கினாலும் இது தீராது. டிஷ்ஷை மாடியின் மறு மூலைக்கு மாற்றியோ, எதிர்முனைக்கு வேறு கட்டடம் பார்த்தோ, இறக்கை சுழலும் வட்டம் பாதைக்குள் வராமல் செய்ய வேண்டும். வைகாசிக்கு முன்னால் இணைப்பு கொடுப்பவர்கள் காற்றாலை நின்றிருப்பதைப் பார்த்து ஏமாறுவது இங்கே வழக்கம்.

இன்னொன்று. டிஷ்ஷைத் திருப்பும்போது முதலில் கிடைக்கிற சிக்னலில் நிறுத்திவிடாதீர்கள். அது நடுக் கதிருக்குப் பக்கவாட்டில் கிளம்பும் பலவீனமான பக்கக் கதிராக இருக்கலாம். கணக்குப் போட்டுவிட்டு ஏறுங்கள். 5 கிலோமீட்டருக்கு 5.8-ல் வெட்டவெளியில் சிக்னலுக்கு ஆகும் இழப்பு 122 டெசிபல். ஆன்டெனாவோடு சேர்த்து அனுப்பும் சக்தி 36 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபலில் சொல்லும் சக்தி), வாங்கும் டிஷ் கூட்டுவது 28 டெசிபல் என்றால் 36 − 122 + 28 = −58 டிபிஎம் வர வேண்டும். −62 வந்தால் சரி. −75 வந்தால் ஒன்று பக்கக் கதிர், இல்லை நடுவில் ஏதோ மறிக்கிறது.

திசையன்விளை:
மறிப்பது இங்கே பனை. கண்ணுக்கு எதிர்மாடி தெரிகிறதே என்று சொல்வார்கள். கண்ணுக்குத் தெரிவது போதாது. 5 கிலோமீட்டர் பாதையின் நடுவில் ஃபிரெனெல் மண்டலத்தின் (சிக்னல் பரவிப் போகும், நடுவில் பருத்த வெளி) ஆரம் 5.8-ல் 8 மீட்டர், அதில் 60 சதவீதம், அதாவது 4.8 மீட்டராவது நாலாபக்கமும் காலியாக இருக்க வேண்டும். பனை சாதாரணமாக 20 மீட்டர் நிற்கும். மாடியும் குழாயும் சேர்த்து 10 மீட்டர்தான். ரெண்டு பனைக்கு நடுவே நூல் பிடித்த மாதிரி எதிர்மாடி தெரிந்தாலும் மண்டலம் மட்டை மேல்தான் இடிக்கிறது. மட்டை நனைந்தால் இன்னும் மோசம். விடியற்காலைப் பனியில் மந்தமாகி, வெயில் ஏறியதும் சரியாகும் இணைப்பு என்றால் மரத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். பாதையை இரண்டாக உடைத்து நடுவில் ஒரு மாடியில் சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் கருவி வைத்தால் ஒவ்வொரு பாதியிலும் ஆரம் 5.7 மீட்டராகக் குறையும். ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டி கிடைத்தால் இன்னும் நல்லது, எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.

அடுத்தது உப்புக்காற்று. உவரி, கூடுதாழை, இடிந்தகரைப் பக்கம் டிஷ்ஷுக்குப் போகும் ஈதர்நெட் முனைதான் முதலில் சாகும். டிஷ்ஷுக்கு வேண்டிய 24 வோல்ட் மின்சாரமும் அதே கேபிளில் போவதால், ஈரம் பட்டதும் மின்னரிப்பு தொடங்கி, நேர்மின் ஓடும் 4, 5-ஆம் ஊசிகள் பச்சை பிடிக்கும். திரையில் இணைப்பு வேகம் 1000 மெகாபிட்டில் இருந்து 100-க்கு இறங்கியிருந்தால் ரேடியோவைக் குறை சொல்லாமல் முனையைக் கழற்றிப் பாருங்கள். 1000-க்கு நாலு ஜோடியும் வேண்டும், 100-க்கு இரண்டே போதும் என்பதால் ஓரளவு ஓடிக்கொண்டே இருக்கும், யாருக்கும் தெரியாது. முனையில் கிரீஸ், மேலே தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப், கேபிள் நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு. டிஷ்ஷைப் பிடிக்கும் யூ-போல்ட் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்.

கேபிள் விலை மலிவு என்று அலுமினியத்துக்குச் செம்பு முலாம் போட்டதை வாங்காதீர்கள். 100 மீட்டரில் அரை ஆம்பியர் ஓடினால் சுத்தச் செம்பிலேயே சுமார் 4.7 வோல்ட் விழும், முலாம் கேபிளில் 7-க்கு மேல். 24-ல் கிளம்பியது மேலே 17-ல் போய்ச் சேரும். பகலில் ஓடும், சுமை ஏறும் ராத்திரியில் தானாக அணைந்து அணைந்து எரியும்.

அம்பை:
இடிக்கு என்ன செய்யுதிய, அண்ணாச்சி? ஐப்பசி மழையில் ஒவ்வொரு தடவையும் ஈதர்நெட் கேபிள் சொருகுற நெட்வொர்க் சுவிட்ச் போர்ட்டு போயிருது.

திசையன்விளை:
குழாய்க்குத் தனி எர்த் குழி, வீட்டுக்குத் தனி எர்த் குழி என்று விட்டிருப்பார்கள். பக்கத்தில் எங்கேயோ இடி விழுந்தால் இரண்டு குழிக்கும் நடுவே மின்னழுத்த வித்தியாசம் வரும். அது சமமாவதற்கு அதற்குக் கிடைக்கிற வழி உங்கள் ஈதர்நெட் கேபிள். இரண்டு எர்த்தையும் தடித்த செம்புக் கம்பியால் இணையுங்கள், கேபிளின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் சர்ஜ் பாதுகாப்பு வையுங்கள். ஒரு முனையில் மட்டும் வைப்பது பாதி வேலை. எர்த் தடை 5 ஓமுக்குள் இருக்க வேண்டும். தேரிக்காட்டுச் செம்மணலில் அது லேசில் வராது, குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றியாக வேண்டும்.

பாளை:
கட்டடத்துக்குள்ளே நடக்கிற கூத்தையும் சொல்ல வேண்டும். 600 பேர் உட்காரும் கல்யாண மண்டபம். முந்தின ராத்திரி ரிசப்ஷன் வரை வைஃபை ஓடும். காலை முகூர்த்தத்துக்கு வருகிறவர்களுக்கு சிக்னல் முழுசாகக் காட்டும், ஆனால் "ஐபி முகவரி பெறப்படுகிறது" என்று சுற்றிக்கொண்டே நிற்கும். ரவுட்டரில் 253 முகவரிதான் இருக்கிறது, ஒவ்வொன்றும் 24 மணி நேரத்துக்கு வாடகை. ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். முகவரித் தொகுப்பை 1000-க்கு மேல் விரித்து, வாடகை நேரத்தை 1 மணி ஆக்குங்கள்.

பிறகு அக்சஸ் பாயின்ட், அதாவது வைஃபை சிக்னல் கொடுக்கும் பெட்டி. மேடைக்கு மேல் ஒன்று, பந்தி ஹாலில் ஒன்று, இரண்டையும் முழுச் சக்தியில் வைப்பது தப்பு. அது 25 டிபிஎம்-ல் கத்தும், கைபேசி 15-ல் முனகும். கைபேசிக்கு அது கேட்கும், அதற்குக் கைபேசி கேட்காது. ஒன்றுக்கு 40 கருவி என்று கணக்கு வைத்து ஏழெட்டைப் பரப்பி, சக்தியை 14, 15-க்கு இறக்குங்கள். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் மட்டும். 5 கிகாஹெர்ட்ஸில், ரேடார் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாத 36, 40, 44, 48, 149, 153, 157, 161, 165 என்று ஒன்பது தனித்தனி சேனல் கிடைக்கும். 80 போட்டால் இரண்டுதான் தேறும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 மட்டும், பாதி இடத்தில் அதை அணைத்தே விடலாம். குறைந்தபட்ச வேகத்தை 12 மெகாபிட் என்று வையுங்கள். 1 மெகாபிட்டில் பேசும் ஒரு கருவி மற்றவர்கள் நேரத்தையும் தின்றுவிடும். விருந்தினர்களின் கருவிகள் ஒன்றையொன்று பார்க்காதபடி தனிமைப்படுத்தினால் அநாவசிய ஒலிபரப்பும் அடங்கும், பக்கத்து இலைக்காரர் உங்கள் லேப்டாப்பைத் துழாவுவதும் நிற்கும். இத்தனையும் செய்த பிறகு டெக்கரேஷன்காரர் ஃபோகஸ் லைட்டுக்குப் பிளக் வேண்டுமென்று நெட்வொர்க் சுவிட்சைப் பிடுங்கினால் அதற்கு மருந்து கிடையாது. பூட்டுப் பெட்டி போடலாம்.

டவுன்:
பாளைக்காரர் கடைசியில் தொட்ட பாதுகாப்பைத்தான் சொல்ல வந்தேன். ரதவீதிக் கடைகளில் 200 மெகாபிட் பைபர் வாங்கிவிட்டு வைஃபையில் 20, 25-தான் வருகிறது என்பார்கள். சேனலை மாற்றுவார்கள், ரவுட்டரை மாற்றுவார்கள். வைஃபையின் பூட்டு வகையை, அதாவது செய்தியை மறைத்து அனுப்பும் முறையை, யாரும் பார்ப்பதில்லை. பழைய பில் பிரின்டருக்காக யாரோ டிகேஐபி என்ற பழைய பூட்டை வைத்திருப்பார்கள். டிகேஐபி-யோடு வைஃபை 4-இன் வேகங்களையும் அதற்கு மேற்பட்ட வேகங்களையும் விதிமுறையே அனுமதிப்பதில்லை, 54 மெகாபிட்டில் நிறுத்திவிடும். அதில் கைக்கு வருவது பாதிக்கும் கீழே. ஏஇஎஸ் என்ற பலமான பூட்டு மட்டும் என்று மாற்றினால் ஒரே நிமிடத்தில் வேகம் வரும், ஓட்டையும் அடைபடும். பிரின்டருக்கு வயர் இழுத்துவிடுங்கள்.

கடவுச்சொல் பாதிக் கடைகளில் பெயர்ப்பலகையில் இருக்கிற அதே கைபேசி எண். பலகையில் இல்லாத எண்ணாக இருந்தாலும் பயனில்லை. 6 முதல் 9-ல் தொடங்கும் பத்து இலக்கம் மொத்தம் 400 கோடிதான். இணையும் நேரத்தில் கருவியும் ரவுட்டரும் மாற்றிக்கொள்ளும் செய்திகளை (கைகுலுக்கல்) ஒரு தடவை பதிவு செய்துகொண்டால் மற்றதைக் கடைக்கு வராமலே செய்யலாம். கிராபிக்ஸ் கார்டு நொடிக்கு 5 லட்சம் போட்டுப் பார்த்தாலும் இரண்டேகால் மணி நேரத்தில் முழுப்பட்டியலும் தீர்ந்துவிடும். எட்டு இலக்க எண் என்றால் 200 நொடி. தொடர்பில்லாத ஐந்து சொல்லைக் குருட்டாம்போக்கில் எடுத்துச் சேர்த்து வையுங்கள். டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு முறை இருந்தால் அதைப் போடுங்கள், அதில் இப்படி வெளியே கொண்டுபோய் உடைக்க முடியாது. கடவுச்சொல்லுக்குப் பதிலாக எண் கொடுத்து இணையும் டபிள்யூபிஎஸ் பின்னைக் கண்டிப்பாக அணையுங்கள். எட்டு இலக்கம் என்றாலும் இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிக்குள் விழும். 2011-லேயே வெளிவந்த விஷயம்.

அம்பை:
பேரை மறைத்து வைத்தா போதாதா? கருவிக்குக் கருவி வேறாகுற மேக் முகவரிய வச்சு வடிகட்டியும் போட்டிருக்கு.

டவுன்:
இரண்டும் காற்றில் வெளிப்படையாகவே போகிறது, வே. ஒரு கைபேசி இணையும்போது பேரும் தெரியும், மேக்கும் தெரியும். அந்த நேரத்தை 802.11டபிள்யூ பாதுகாப்புக்குச் செலவிடுங்கள். அது இல்லாத இடத்தில் போலித் துண்டிப்புச் செய்தி அனுப்பி எல்லாரையும் வெளியே தள்ளலாம், அதற்குச் சில நூறு ரூபாய் சில்லு போதும். சிக்னல் −50-ல் இருக்கும்போதே எல்லாக் கருவியும் ஒன்றாக அறுந்து, பதிவேட்டில் துண்டிப்பு வரிசையாக நின்றால் இதைச் சந்தேகப்படுங்கள். ஆனால் அதே அலைவரிசையில் இரைச்சல் கொட்டினால் 802.11டபிள்யூ-வும் காப்பாற்றாது. அதனால் நகைக்கடை கேமராவுக்கு வைஃபையே கூடாது, வயர்தான்.

அம்பை:
விஜயநாராயணம் நேவி டவரால்தான் நாங்குநேரிப் பக்கம் வைஃபை வராதுன்னு சொல்லுதாவளே?

பணகுடி:
அது நீர்மூழ்கிகளோடு பேசுகிற மிகத்தாழ் அலைவரிசை, 30 கிலோஹெர்ட்ஸுக்கும் கீழே. நம்ம 5.8 கிகாஹெர்ட்ஸ் அதைப்போல லட்சம் மடங்குக்கு மேல். டவரை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டு ரவுட்டர் எந்தச் சேனலில் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டும் 6-ல் நின்றால் உங்களதை 1-க்கோ 11-க்கோ மாற்றுங்கள். 3-க்கு மாற்றினால் இரண்டு பக்கமும் உரசும்.