ஸ்பொஞ்ச் நாத்தத்துக்கு என்ன செய்யிறீங்கள்?

அக்காமார், ஒரு உதவி. நாங்கள் இருக்கிறது வெள்ளவத்தையில, கடலுக்குக் கிட்டின பிளாட். காத்தில எப்பவும் ஈரம், குசினி ஜன்னலுக்கு வெயிலே வராது. பாத்திரம் கழுவுற ஸ்பொஞ்ச் விடிய விடிய வைச்சாலும் காயுதில்லை. மீன் சட்டி கழுவினா அடுத்த நாள் கிட்டப் போகேலாது.

நனைஞ்ச ஸ்பொஞ்சை மைக்ரோவேவில ஒரு நிமிசம் சூடாக்கினா கிருமி அநேகமாச் செத்திடும் எண்டு அமெரிக்க விவசாயத் திணைக்களம் சோதிச்சுச் சொல்லியிருக்கு. (காய்ஞ்சதை வைச்சிடாதேங்கோ, நெருப்புப் பிடிக்கும். கம்பி கலந்ததும் கூடாது.) ஆனா 2017இல வந்த ஒரு ஜெர்மன் ஆய்வில, வழமையாச் சுத்தம் செய்யிற ஆக்களின்ர ஸ்பொஞ்சிலயும் பக்டீரியா குறைவா இருக்கேல்லை. அவையள் சொன்ன வழி, கிழமைக்கு ஒருக்கா மாத்துறது. இப்ப விக்கிற விலையில அது நடக்கிற காரியமே?

மாமி தேங்காய்த் தும்புதான் நல்லம் எண்டுறா. கெதியாக் காயும், உண்மைதான். நொன்ஸ்டிக் சட்டி கீறுப்பட்டுப் போகுமே?

மைக்ரோவேவ் இல்லாத ஆக்கள் என்ன செய்யிறீங்கள்? சிலிக்கன் பிரஷ் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்குமோ? பாவிச்ச ஆக்கள் மட்டும் சொல்லுங்கோ. நல்ல தும்பு இந்தப் பக்கம் எங்க வாங்கலாம்?