'அப்டேக்': உள்ளெடுப்பா, ஏற்பா, முடிப்பா?

குழுவினருக்கு வணக்கம்.

பெருங்குடல் புற்றுநோய் ஸ்க்ரீனிங் (அறிகுறி இல்லாதவர்களையும் முன்கூட்டியே சோதிப்பது) பற்றித் தமிழில் எழுதும்போது 'அப்டேக்' (uptake) என்பதற்குச் சிலர் 'உள்ளெடுப்பு' என்று போடுகிறார்கள். வேர் நீரை எடுப்பதற்கும் தசை குளுக்கோஸை எடுப்பதற்கும் அது பொருந்தும். மலச்சோதனைக்கு 'மக்களின் உள்ளெடுப்பு' என்றால் படிப்பவர் முகம் சுளிப்பார்!

சொல் எதை எண்ணுகிறது என்று முதலில் பார்ப்போம். இங்கிலாந்துக் கணக்கில், அழைப்பு அனுப்பப்பட்டோரில் ஆறு மாதத்துக்குள் முடிவு கிடைக்கும்படி சோதித்துக்கொண்டவர் எத்தனை பேர் என்பதே அப்டேக். கவரேஜ் வேறு. தகுதியுள்ள வயதினர் எல்லாரிலும் கடந்த 30 மாதங்களில் அப்படிச் சோதித்துக்கொண்டவர் எத்தனை பேர் என்று அது கேட்கிறது. இரண்டு பின்னங்களுக்கும் பகுதி, அதாவது கீழே வரும் எண், வேறு. ஆகவே முன்னதற்கு 'அழைப்பேற்பு வீதம்', பின்னதற்கு 'சென்றடைவு வீதம்' என்பது என் முன்மொழிவு. கவரேஜுக்குப் 'பரவல்' என்று வைத்தால் நோய்ப்பரவலோடு குழம்பும்.

---

சென்றடைவு எனக்குச் சம்மதம். அழைப்பேற்பு இடறுகிறது.

அழைப்பை ஏற்று, மாதிரியும் அனுப்பி, கணக்கில் வராமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைத் தேடும் ஃபிட் (FIT) சோதனைக் குப்பியைப் பாருங்கள். மூடியோடு ஒரு குச்சி, அதன் நுனியில் வரிப்பள்ளங்கள். மலத்தின் மேல் பல இடங்களில் கீறி அந்தப் பள்ளங்கள் நிரம்பினால் போதும். திரும்பச் செருகும்போது மிகுதி வழிக்கப்பட்டு, ஏறத்தாழ 10 மில்லிகிராம்தான் உள்ளே இருக்கும் தாங்கல் கரைசலில் சேரும். கரைசலைச் சிந்திவிட்டாலோ, எடுத்த தேதியை எழுதாமல் விட்டாலோ மாதிரி வீண். தேதி எதற்கு என்றால், மாதிரியிலுள்ள ஹீமோகுளோபின் நாள்படவும் வெயிலிலும் சிதையும். பிறகு இரத்தம் கசிந்திருந்தும் 'இல்லை' என்றே முடிவு வரும்.

இதைவிடப் பெரிய குறை, 'ஏற்பு' என்ற சொல் எல்லாவற்றையும் மக்களின் மனத்தின்மேல் போட்டுவிடுகிறது. அதே இரத்தத்தைத் தேடும் பழைய சோதனையான குவாயாக் அட்டைக்கு மூன்று முறை போன மலத்திலிருந்து, முறைக்கு இரண்டாக, ஆறு தடவல் வேண்டும். ஸ்காட்லாந்து 2017 நவம்பரிலும் இங்கிலாந்து 2019 ஜூனிலும் ஃபிட்டுக்கு மாறின. ஆறு தடவல் ஒன்றானது, வீதம் ஏறியது. மக்கள் திடீரென்று விழிப்படைந்ததாகச் சொல்ல முடியுமா? நெதர்லாந்தில் 2014-இல் தொடங்கியபோதே குப்பி தபாலில் வீடு தேடி வந்தது, 70 விழுக்காட்டுக்கு மேல் திரும்பியது. பிரான்சில் நெடுங்காலம் மருத்துவரிடம் போய்த்தான் வாங்க வேண்டியிருந்தது, அங்கே மூன்றில் ஒரு பங்கு அளவே. வேறு காரணங்களும் உண்டுதான். ஆனாலும் 'ஏற்கவில்லை' என்று எழுதுவது அநியாயம். 2010-இன் ஐரோப்பிய வழிகாட்டி 45 விழுக்காட்டைக் குறைந்தபட்சமாகவும் 65-ஐ விரும்பத்தக்கதாகவும் வைப்பது திட்டங்களுக்குத்தான், நோயில்லாத மனிதர்களுக்கு அல்ல.

செய்து முடித்ததைச் சொல்லும் 'முடிப்பு வீதம்' என்று வைப்போம். இன்னொரு வசதி: முதல் சோதனையில் இரத்தம் தெரிந்தவர் கொலோனோஸ்கோபிக்கு (பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) போனாரா என்பதற்குத் 'தொடர்சோதனை முடிப்பு' என்று நீட்டலாம். அந்தப் படி முக்கியம். நெதர்லாந்தில் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேருக்கு இரத்தம் தெரிந்து கொலோனோஸ்கோபிக்கு நெரிசல் வந்ததால், 2014-இலேயே வெட்டுவரம்பை, அதாவது 'இரத்தம் உண்டு' என்று கொள்ளும் ஹீமோகுளோபின் அளவை, மலத்தின் கிராமுக்கு 15 மைக்ரோகிராமிலிருந்து 47-க்கு உயர்த்தினார்கள்.

---

முடிப்பு நல்ல சொல்தான், ஆனால் பகுதி காணாமல் போய்விட்டதே! அமெரிக்காவில் தேசிய அளவில் அழைப்புக் கடிதமே கிடையாது. அங்கே ஆண்டுக்கொரு ஃபிட், பத்தாண்டுக்கொரு கொலோனோஸ்கோபி என்று எதையாவது உரிய காலத்துக்குள் செய்திருக்கிறார்களா என்று ஆளைக் கேட்டுக் கணக்கெடுக்கிறார்கள். அந்த எண்ணை நெதர்லாந்தின் எண்ணோடு ஒரே பத்தியில் வைத்தால் பிழை. அங்கே சோதனை தொடங்கும் வயது 2021-இல் 50-லிருந்து 45-ஆகக் குறைந்ததும் பகுதி பெருத்துவிட்டது.

அதனால் 'அழைப்புவழி முடிப்பு வீதம்' என்று முழுதாக எழுதி, இரண்டாம் முறையிலிருந்து 'முடிப்பு வீதம்' என்று சுருக்கலாம். போலந்து, நார்வே, சுவீடனில் கொலோனோஸ்கோபிக்கே நேரடியாக அழைத்து, 42 விழுக்காட்டினர் செய்துகொண்டதாக 2022-இல் வெளிவந்த ஆய்வுக்கும் இது பொருந்தும். அமெரிக்க எண்ணுக்குத் 'தவணைக்குள் உள்ளோர்'. தடுப்பூசித் தவணை பழகிய காதுக்கு விளக்கம் வேண்டாம்.

ஸ்க்ரீனிங்குக்கு இன்னும் சொல் முடிவாகவில்லை. 'திரையிடல்' என்று யாரும் தொடங்கிவிடாதீர்கள், அது சினிமாக் கொட்டகைக்குப் போய்விடும். தனி இழையில் பேசுவோம்.