இரத்தம் படாமலே கலைந்தது

வெள்ளவத்தையிலிருந்து:
எனக்கு ஒரு சொட்டுக்கூடப் படவில்லை. நாள் கணக்கின்படி ஒன்பதாவது வாரம். வெங்காயம் வதங்கும் மணத்துக்கே ஓடிப்போய்க் குமட்டியவள், அந்தச் சனிக்கிழமை மீன்குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். மார்பு நோவும் போயிருந்தது. "மசக்கை தெளிந்துவிட்டது பிள்ளை" என்று மாமி மகிழ்ந்தார். நானும்தான். குமட்டல் குறைந்ததை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது என்று வைத்தியரும் பிறகு சொன்னார், அதனால் மாமியைக் குறை சொல்ல மாட்டேன்.

வழக்கமான ஸ்கேனில் கரு 6 மில்லிமீற்றர்தான் இருந்தது, துடிப்பு இல்லை. 7 மில்லிமீற்றரை எட்டாத கருவென்றால் ஒரே ஸ்கேனில் முடிவு சொல்லக்கூடாதாம், நாள் கணக்கு பிசகியிருக்கலாம். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அந்த ஏழு நாளும் நான் கடவுளோடு பேரம் பேசினேன். இரண்டாம் முறை, வைத்தியர் வாய் திறக்கும் முன்பே தாதி ஒரு டிஷூவை மடித்து என் கைக்குள் வைத்தாள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
எனக்கு நேர்மாறு, அக்கா. ஏழாம் வாரம் சிவப்பாகவே பட்டது. எல்லாம் முடிந்தது என்று அழுதுகொண்டு போனால், திரையில் துடித்துக்கொண்டிருந்தது! முதல் மூன்று மாதத்தில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இப்படிப் படுமாம். ஆனால் மணிக்கு இரண்டு பாட் வீதம் இரண்டு மணித்தியாலம் நனைந்தால் விடியும்வரை காத்திருக்கக்கூடாது என்று குடும்பநல உத்தியோகத்தர் கண்டிப்பாகச் சொன்னார். இரத்த வகை நெகட்டிவ் என்றால் அதையும் போனவுடனே சொல்லிவிட வேண்டுமாம். அவன் இப்போது முன்பள்ளிக்குப் போகிறான்.

தெமட்டகொடையிலிருந்து:
நான் உங்கள் இருவருக்கும் மூத்தவள், பிள்ளைகளே. என் தங்கைக்கு அடிவயிற்றில் ஒரு பக்கம் மட்டும் குத்தியது, கபில நிறத்தில் கொஞ்சம் கசிவு. பிறகு தோள்மூட்டு நோவு. வாய்வு என்று நினைத்து உள்ளி அவித்துக் கொடுத்தேன், தோளிலும் எண்ணெய் தேய்த்தேன். கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் பரவினால் நோவு தோளில் தெரியும் என்று யாருக்குத் தெரியும்? குளியலறையில் மயங்கி விழுந்த பின்தான் 1990ஐ அழைத்தேன். அம்புலன்ஸில் வந்த தம்பி முதலில் கேட்டதே கடைசி மாதவிடாய் எப்போது என்றுதான். நாள் தள்ளி இரண்டு வாரம் என்று அவனிடம் சொன்னாள். எனக்கும் அப்போதுதான் தெரியும்.