பள்ளி ஹாஸ்டல் பொறுப்பு வந்திருக்கிறது, எதில் ஆரம்பிப்பது?

ஒற்றியூர் கணக்கு வாத்தியார்:
வணக்கம். திருவொற்றியூர் பக்கம் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். வரும் ஜூனிலிருந்து பையன்கள் ஹாஸ்டலையும் நீங்களே பாருங்கள் என்று கரஸ்பாண்டெண்ட் சொல்லிவிட்டார். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அறுபது பேர். அப்பா கப்பலில் இருப்பார், இல்லை லாரி ஓட்டுவார், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. நிர்வாகம் புதுக் கட்டில், சிசிடிவி, காலை 4.30 மணிக்கு ஸ்டடி என்று பேசுகிறது. அதெல்லாம் அப்புறம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஹாஸ்டல் நடத்தியவர்கள் சொல்லுங்கள்.

ராயபுரம் பழைய வார்டன்:
சார், ராத்திரியிலிருந்து ஆரம்பியுங்கள். பகலைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும். பத்து மணிக்கு மேல் ஓர் ஆறாவது பையனுக்கு வயிறு வலித்தால், படுக்கை நனைந்துவிட்டால், பெரிய பையன் எவனாவது கை வைத்தால், அவன் யார் கதவைத் தட்டுவான்? அந்த ஆள் அதே மாடியில் படுத்திருக்க வேண்டும், தட்டினால் எரிந்து விழக்கூடாது. வாட்ச்மேனையும் பன்னிரண்டாவது பையன் ஒருத்தனையும் நம்பி விட்டுவிட்டு வார்டன் வீட்டுக்குப் போகிற இடத்தில்தான் எல்லாம் கெடுகிறது. சின்னவர்களை அடக்குகிற வேலையைப் பெரிய பையன்களிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் 1997-லேயே ராகிங் தடைச் சட்டம் வந்தாயிற்று, ஆனால் ராத்திரி ரூமுக்குள் பெரியவர் ஒருத்தர் எட்டிப் பார்க்காவிட்டால் எந்தச் சட்டமும் உதவாது.

4.30 ஸ்டடிக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். 13 வயதுக்கு மேல் 8 மணி நேரமாவது தூங்க வேண்டும், அதற்குக் கீழே 9. சாயங்காலம் சுண்டலோ பயறோ வயிறு நிறையக் கொடுங்கள். ஹாஸ்டலில் நடக்கும் சில்லறைத் திருட்டில் பாதி பசியால் வருவது.

கோர்ட் பக்கம் இருப்பவன்:
முதலில் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள் சார். பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளுக்கான 2014 தமிழ்நாடு சட்டப்படி கலெக்டரிடம் உரிமம் வாங்க வேண்டும், 18 வயதுக்குக் கீழே உள்ள பையன்களும் அதில் வருவார்கள். 2022-இல் கள்ளக்குறிச்சியில் பள்ளி விடுதி மாணவி இறந்த சம்பவத்துக்கு அப்புறம் இதைக் கறாராகக் கேட்கிறார்கள். ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில், அதாவது சென்னை கலெக்டர் ஆபீசில் போய் விசாரியுங்கள். இன்னொன்று, பாலியல் தொல்லை என்று ஒரு பையன் வாய் திறந்தால் போக்சோ சட்டப்படி போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும். பள்ளி பேர் கெடும் என்று மறைப்பதே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ மாடிக்கு மாடி எழுதிப் போடுங்கள், அதைக் கூப்பிட ஒரு போனும் பையன்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.

எண்ணூர்க்காரன்:
நம்ம ஏரியாவுக்கு என்று ஒன்று இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. 2023 டிசம்பரில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தது நள்ளிரவில். ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து தெருவில் ஓடினார்கள். 2024 அக்டோபரில் திருவொற்றியூரிலேயே ஒரு பள்ளியில் வாயு நெடியில் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். அறுபது பையன்களை இருட்டில் எந்தப் பக்கம் கூட்டிப் போவீர்கள் என்று இப்போதே முடிவு செய்து, நடத்திப் பாருங்கள். காற்றடிக்கிற போக்கிலேயே ஓடக்கூடாது, அதற்குக் குறுக்கே விலகிப் போக வேண்டும், மூக்கில் ஈரத்துணி. மாடிக்கதவுச் சாவி வாட்ச்மேன் பாக்கெட்டில் மட்டும் இருந்தால் எல்லாம் வீண். ஆஸ்துமா இருக்கிற பையன்கள் பேரைத் தனியாக எழுதி வையுங்கள்.

காசிமேட்டு அம்மா:
என் பையன் ஹாஸ்டலில்தான் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொண்டுபோய் விடும்போதுதான் முகம் வாடும். அந்த ஒரு வேளையாவது நீங்கள் வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுங்கள் சார். போன் பேசும்போது பக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம், ஆள் நின்றால் ‘எல்லாம் நல்லா இருக்கு அம்மா’ என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறான்.

ஒற்றியூர் கணக்கு வாத்தியார்:
ரொம்ப நன்றி. வார்டன் ரூம் இப்போது கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஆறாவது ஏழாவது பையன்கள் இரண்டாவது மாடியில். மாற்றச் சொல்லிக் கேட்கட்டுமா?

ராயபுரம் பழைய வார்டன்:
வார்டன் ரூமை மாற்றுவது கஷ்டம் என்பார்கள். சின்னவர்களைக் கீழே இறக்கிவிடுங்கள், அதற்குச் செலவே இல்லை.