வேத வாசிப்போடு ஒரு நோட்டு: உங்கள் அனுபவம் என்ன?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். தினமும் வேதம் வாசிக்கும்போது பக்கத்தில் நோட்டு வைத்து எழுதுகிறவர்கள் இங்கே யார் யார்? என் அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரே வருடத்தில் வேதாகமத்தை முடிக்கும் அட்டவணையைத்தான் எடுத்தேன். மொத்தம் 1,189 அதிகாரங்கள், நாளுக்கு மூன்றோ நான்கோ வரும். ஆதியாகமம் தானாக ஓடியது, நோட்டும் நிரம்பியது. லேவியராகமத்தில் கை நின்றுவிட்டது. "தேவன் பரிசுத்தர்" என்பதையே தினமும் எத்தனை விதமாக எழுதுவது? சரி, பாடம் கிடைக்காவிட்டால் கேள்வியையாவது எழுதுவோம் என்று தொடங்கினேன்.

12-ம் அதிகாரத்தில் பிள்ளை பெற்ற தாய் செலுத்தவேண்டிய பலி சொல்லப்படுகிறது. ஆட்டுக்குட்டி கொண்டுவர வசதி இல்லாதவள் இரண்டு காட்டுப்புறாக்களையோ புறாக்குஞ்சுகளையோ கொண்டுவரலாம். 5-ம் அதிகாரத்தில் பாவநிவாரண பலிக்குப் புறாவுக்கும் வழியில்லாதவன் கொஞ்சம் மாவு கொண்டுவந்தால் போதும். "இந்தச் சட்டத்தில் ஏழைக்கு ஏன் இவ்வளவு இடம்?" என்று மட்டும் எழுதி வைத்தேன்.

பல மாதம் கழித்து லூக்கா 2. குழந்தை இயேசுவை எருசலேமுக்குக் கொண்டுவருகிறார்கள். 24-ம் வசனத்தில் அவர்கள் செலுத்த வந்தது ஒரு ஜோடு காட்டுப்புறா அல்லது இரண்டு புறாக்குஞ்சு! அப்படியே எழுந்து பழைய நோட்டைத் தேடினேன். விளக்கவுரைகளில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் என் கையெழுத்தில் இருந்த கேள்விக்கு வேதமே பதில் சொன்னபோது உடம்பு சிலிர்த்தது.

*

அருமை அண்ணா. எனக்கு இது வேறு மாதிரி. அம்மா படுக்கையில் இருந்த நாட்களில் சொந்தமாக ஒரு வரிகூட எழுத வராது. சங்கீதத்தைப் பார்த்து அப்படியே எழுதுவேன். 13-ம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களுக்குள் "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறார் தாவீது. வாசித்தபோது கண்ணில் படவில்லை, நான்காவது முறை எழுதும்போதுதான் பேனா நின்றது. ஆண்டவரிடம் இப்படிக் கேட்கலாமா என்ற பயம் அன்றோடு போனது. பார்த்து எழுதுவது குழந்தை வேலை என்று சிலர் சொல்வார்கள். உபாகமம் 17-ல் சிங்காசனத்தில் உட்காரும் ராஜாவே நியாயப்பிரமாணத்துக்கு ஒரு பிரதி எழுதி வைத்துத் தினமும் வாசிக்கவேண்டும் என்றுதானே இருக்கிறது?

ஒரு சந்தேகம். மற்றவர்களைப் பற்றிய மனவருத்தத்தையும் ஜெபமாக எழுதுகிறேன். அதை வீட்டில் யாராவது எடுத்து வாசித்துவிட்டால்?

*

அக்கா, பெயருக்குப் பதில் முதல் எழுத்து மட்டும் போடுங்கள். நான் அப்படித்தான்.

நான் கத்தோலிக்கன், அன்றைய திருப்பலி வாசகங்களைத்தான் எடுத்துக்கொள்வேன். பொதுக்காலத்து (தவக்காலம், பாஸ்கா, கிறிஸ்துமஸ் போன்ற சிறப்புக் காலங்கள் அல்லாத) வார நாட்களில் முதல் வாசகம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்பும், நற்செய்தி வருடாவருடம் அதேதான். அதனால் எதிர்ப்பக்கத்தைக் காலியாக விட்டு, அடுத்த வருடம் அதே வாசகத்துக்கு அங்கே எழுதுகிறேன். ஊதாரி மகன் உவமைக்குப் போன வருடம் இளைய மகனைப் பற்றிப் பக்கம் நிறைய எழுதியிருக்கிறேன். இந்த வருடம் முழுக்க மூத்தவன்மேல்தான் கண். வயலிலிருந்து வந்தவன் வீட்டுக்குள் போனானா இல்லையா என்று லூக்கா கடைசிவரை சொல்லவில்லை பாருங்கள்! இடையில் என் தம்பிக்கும் எனக்கும் நடந்தது அந்தப் பக்கத்தில் தெரிகிறது. அதை இங்கே எழுதப்போவதில்லை.

*

தம்பி சொன்ன எதிர்ப்பக்க யோசனையை எடுத்துக்கொள்கிறேன். சகோதரி, மனவருத்தத்தை எழுதாமல் விடாதீர்கள். சங்கீதக்காரர்கள் எழுதினதில் பாதி அதுதானே. கூடவே ஒன்று: தேதியை மட்டும் போட்டால் பிறகு எதையும் தேடிப் பிடிக்க முடியாது. ஓரத்தில் புத்தகமும் அதிகாரமும் குறித்துவிடுங்கள். என் புறாக் கேள்வி அப்படித்தான் சீக்கிரம் அகப்பட்டது.

அப்புறம், இப்போது எண்ணாகமம் 7-ல் இருக்கிறேன். 89 வசனங்கள். பன்னிரண்டு பிரபுக்கள், நாளுக்கு ஒருவராக, ஒரே மாதிரிக் காணிக்கை. அத்தனையும் ஒன்றுவிடாமல் பன்னிரண்டு தடவை எழுதப்பட்டிருக்கிறது. இந்த அதிகாரத்துக்கு யாராவது நோட்டில் ஏதாவது எழுதியிருக்கிறீர்களா?